அடுப்பில் பால் இருந்தது

இந்தா, இந்தக் கைக்குட்டையைப் பிடி. துப்பட்டாவில் துடைக்காதே. வாங்கிக்கொள் அம்மா, சுத்தமானதுதான். வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டது. இன்னும் ஒரு கட்டு இருக்கிறது என்னிடம். எனக்கு இனிமேல் தேவைப்படாது.

ரெண்டு மூக்கிலும் ஒழுகுகிறதா, ஒன்றில் மட்டுமா? சிரிக்காதே, நிஜமாகத்தான் கேட்கிறேன். ரெண்டிலும்தானே? கண் அரிக்கிறதா? அடுக்குத் தும்மல் வருகிறதா? அப்படியென்றால் பயமில்லை. தூசி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்து. திருமங்கலம் தாண்டுவதற்குள் நின்றுவிடும். கன்னம் கனத்து, குனிந்தால் முகமே கழன்று விழுகிற மாதிரி வலித்து, மஞ்சளாகக் கெட்டியாக வந்தால் அது சைனஸ். அதற்கும் மருந்து இருக்கிறது. ஒரே மூக்கில், பச்சைத் தண்ணீர் மாதிரி, நிறமில்லாமல் சொட்டினால்தான்... சரி விடு. உனக்கு அது இல்லை.

நான் டாக்டர் இல்லை. தையல் டீச்சர். தவமணி டீச்சர் என்றால் ராஜபாளையத்தில் தெரியும். பெண்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் என்னிடம் குட்டு வாங்கியவர்கள். அந்தக் கைக்குட்டையின் ஓரத்தைப் பார். தையல் தெரிகிறதா? தெரியாது. கையால் மடித்துத் தைத்தது.

அந்தப் பை உன் காலை இடிக்கிறதோ? கண்டக்டர்தான் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் இருந்த சாமான் எல்லாம் அதில்தான் இருக்கிறது, போர்வை, பிளாஸ்க், தட்டு, தம்ளர். இருக்கட்டும். நான் அதைத் தொடக்கூடாது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். கக்கூஸில் முக்கக்கூடாது, அதற்கு ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கீழே எது விழுந்தாலும் யாரிடமாவது சொல்லித்தான் எடுக்க வேண்டும். மீறினால் ஒட்டு விட்டுவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

தனியாகத்தான் வந்தேன். மகன் கீழே காரோடு நிற்கிறான் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவனால் தறியை விட்டு வர முடியவில்லை. எங்கள் ஊரில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறோம், தெரியுமா? அவனும் நாலைந்து தறி போட்டிருக்கிறான். மதுரையில் எனக்குக் கட்டுப் போட்ட துணிகூட எங்கள் பக்கத்துத் துணியாகத்தான் இருக்கும். இழை இழுத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் துணிதான்.

மருமகள் இருந்தால் கூட வந்திருப்பாள். இருந்தாள். இப்போது இல்லை. உயிரோடுதான் இருக்கிறாள், அப்படிப் பார்க்காதே. பேத்தியை முன்னமே அனுப்பிவிட்டுத் தானும் தேனிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். ஒரு வீட்டில் உப்பைத் தின்றுவிட்டு அந்த வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டவள் அங்கே இருந்து என்ன செய்யப் போகிறாள்?

உனக்கும் அவள் வயசுதான் இருக்கும். உன்னிடம் சொன்னால் நீ அவள் பக்கம்தான் பேசுவாய். பரவாயில்லை, கேள். நீ தென்காசிக்குத்தானே போகிறாய்? நேரம் இருக்கிறது.

முதலில் மெஷினில்தான் தெரிந்தது. பேத்திக்குக் கார்த்திகைக்கு ஒரு பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் கோக்கக் குனிந்தேன். சொட்டென்று துணியில் ஒரு துளி. கண்ணீரோ என்று நினைத்தேன். நான் எதற்கு அழ வேண்டும்? தொட்டுப் பார்த்தால் கண் காய்ந்திருக்கிறது. மறுபடி குனிந்தேன். மறுபடி ஒரு சொட்டு. இடது மூக்கில் மட்டும். நிமிர்ந்தால் நின்றுவிடுகிறது. குனிந்தால் குழாய் திறந்த மாதிரி. படுத்தால் தொண்டையில் இறங்கும், உப்புக் கரிக்கும். மார்கழி வரப்போகிறது, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று இருந்துவிட்டேன்.

எதிர்வீட்டு ராஜாத்தி இருக்கிறாளே, அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "டீச்சர் மூக்குக்கு வாஷர் போயிருச்சு, யாராவது பிளம்பரக் கூப்பிடுங்கப்பா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு அவளேதான் போய் நொச்சித்தழை ஒடித்துக்கொண்டு வந்தாள். ஆவி பிடித்தேன். மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு அந்தப் புகையை உறிஞ்சினேன். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். தலைக்குக் குளிப்பதையே விட்டேன். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு, தலையில் நீர் கோத்திருக்கிறது, எல்லாம் இறங்கினால் சரியாகிவிடும் என்று. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இறங்கட்டும் என்று இருந்தேன்.

சாப்பிடும்போது நான் உறிஞ்சினால் கதிருக்குப் பிடிக்காது. கதிரேசன், என் மகன். தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவான். "எம்மா, அங்குட்டுப் போயிச் சிந்திட்டு வா. சோறு எறங்க மாட்டேங்குது" என்பான். சுத்தம் பார்க்கிறவன். நான் பழக்கியதுதான். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவனுக்கு எந்நேரமும் சளி. ஒரு கைக்குட்டையைச் சட்டையில் ஊக்குக் குத்தி அனுப்புவேன். இன்றைக்கு வரை தன் மூக்கைத் தானாகச் சிந்தத் தெரியாது அவனுக்கு, அப்படி வளர்த்தேன்.

எங்கள் ஊர் மூக்கு டாக்டரிடம் பொற்கொடிதான் கூட்டிக்கொண்டு போனாள். பொற்கொடி, மருமகள். டாக்டர் நல்ல மனிதர். "வீட்ல என்ன தொழில்?" என்று கேட்டார். தறி என்றதும், "அப்ப பஞ்சுத் தூசிதான்" என்று மாத்திரையும் மூக்கில் அடிக்கிற மருந்தும் எழுதிக்கொடுத்தார். முறையாக அடித்தேன். நிற்கவில்லை. மறுபடி போனோம். விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார், "எங்கயாச்சும் விழுந்தீங்களா டீச்சர்? தலையில அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல சார்."

பொற்கொடி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். சத்தம் நின்றது. அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன், நியாயம் நியாயம்தான். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அடியா? ஆமாம், தீபாவளிக்கு முன்னால் சமையல்கட்டில் ஒரு சின்ன இடிப்பு. மேடை விளிம்பில். கிரானைட் மேடை, கதிர்தான் ஆசையாகப் போட்டான். புருவத்துக்கு நடுவில் இடித்தது. ரத்தம்கூட வரவில்லை. ரெண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்துப்போய்க் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ராஜாத்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இந்த வயசுல மை வச்சிருக்கீங்க?" என்றாள். வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அந்த இடிப்புக்கும் மூக்கில் தண்ணீர் வருவதற்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? இடித்தது நெற்றி. ஒழுகுவது மூக்கு. அதுவும் கறுப்பு மாறி, வலி மாறி, தீபாவளிப் பலகாரமெல்லாம் தீர்ந்த பிறகு.

ஆனால் ஒன்று, கைக்குட்டையை நான் கவனித்தேன். சளி பட்ட துணி காய்ந்தால் கஞ்சி போட்ட மாதிரி விறைத்து நிற்கும். கையில் எடுத்தால் நொறுங்கும். இது விறைக்கவே இல்லை. நனைந்து காய்ந்தாலும் பஞ்சு மாதிரி இருந்தது. கஞ்சி போட்ட துணிக்கும் போடாத துணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இருட்டில் தொட்டுச் சொல்லுவேன். கெட்ட சளியெல்லாம் வெளியேறிவிட்டது, இப்போது வெறும் தண்ணீர்தான் வருகிறது, இது நல்லதுக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். பொற்கொடியிடமும் காட்டினேன். "பார்த்தியா, சளியே இல்ல, சுத்தமாயிருச்சு" என்றேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பொங்கல் முடிந்து நாலு நாள் இருக்கும், காய்ச்சல் வந்தது. தலைவலி என்றால் மண்டைக்குள் யாரோ பெடல் மிதிக்கிற மாதிரி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கழுத்தை அசைக்க முடியவில்லை. கதிர் எட்டிப் பார்த்தான். "காய்ச்சல்தான, காலையில பாப்பம். லோடு ஏத்தணும்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, லாரி வாசலில் நிற்கிறது. இந்தப் பொற்கொடி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கார் பிடித்தாள். ராஜாத்தியைப் பிடித்து என்னைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தாள். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன் கண் முன்னாலேயே. "நான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒரே வார்த்தை. கேட்கவில்லை, சொன்னாள். புருஷனிடம் அப்படிச் சொல்லலாமா? தறிக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மதுரையில் ஒரு பெண் டாக்டர். சின்னப் பெண். என் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். மோவாய் நெஞ்சைத் தொடவில்லை. மூக்கைப் பார்த்தாள். பொற்கொடி பையிலிருந்து அந்தக் கைக்குட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். எதற்குக் கொண்டு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் தொட்டுப் பார்த்தாள். உடனே என் முகத்துக்குக் கிட்டே குனிந்து, "அம்மா, தலையில அடிபட்டுச்சா?" என்று கேட்டாள்.

எனக்கு நாக்கு புரளவில்லை. ஆனாலும் சொன்னேன், இல்லை என்று. நினைவு தப்புகிற நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

பொற்கொடி சொன்னாள். என் தலைமாட்டில் நின்றுகொண்டு, நர்ஸ்கள் இருக்கிறார்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள் இருக்கிறார்கள், சொன்னாள். "பட்டுச்சு டாக்டர். தீபாவளிக்கு முன்னாடி. சமையல் மேடையில இடிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் தள்ளினார்."

பார்த்தாயா? நீயும் அதைத்தான் பிடித்துக்கொண்டாய். தள்ளினார் என்ற வார்த்தையை. கண்ணெல்லாம் மாறிவிட்டது உனக்கு. அந்த டாக்டர் பெண்ணும் இப்படித்தான் பார்த்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். அன்றைக்குப் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. கதிர் போகவில்லை, வேலை. அதை இவள் தறிக்கூடத்தில் போய்க் கேட்டாள். "பிள்ள மேடையில நின்னு ஒங்களத் தேடுச்சு" என்று. நாலு பேர் வேலை பார்க்கிற இடத்தில் கேட்கலாமா? அவன் பின்னாலேயே வீட்டுக்கு வந்தான். இவள் சமையல்கட்டுக்குள் இருந்தாள். அவன் கையை ஓங்கினான், தள்ளினான். என்னை இல்லை, அவளை. நான் அந்த நேரம் உள்ளே போனேன். அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடும் என்று அடுப்பை அணைக்கப் போனேன். இவள் விலகிக்கொண்டாள். ஒரு எட்டுதான், பின்னால் போனாள். அவன் கை என் மேல் பட்டது. அவ்வளவுதான். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் செய்வானா?

அந்த அடி எனக்கு விழ வேண்டியதே இல்லை அம்மா. அவளுக்கு விழ வேண்டியது.

கட்டிக்கொண்டவள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நாங்களெல்லாம் இருக்கவில்லையா? இவன் அப்பா இருந்த காலத்தில் எனக்கு ஒரு பல் போனது. இதோ, இந்தப் பல், கட்டியது. பல்தான் போனது, ஒரு வார்த்தை வெளியே போகவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு பாடம் நடத்தினேன். எங்கள் வீட்டில் எதுவும் வெளியே போனதில்லை. இவள் ஒரே வாக்கியத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள். எங்கே? முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம்.

சரி, டாக்டர் கேட்டாள், சொன்னாள். டாக்டரோடு நின்றதா? அடிதடி என்றால் ஆஸ்பத்திரியிலேயே போலீசுக்குச் சொல்லிவிடுவார்களாம். அதுதான் முறையாம். காய்ச்சல் இறங்கி எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்ததும் ஒரு பெண் போலீஸ் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும்மா தள்ளுனது?"

"யாரும் தள்ளல. ஈரத் தரை. வழுக்கிருச்சு."

"ஒங்க மருமக வேற மாதிரி சொல்றாங்க?"

"அவளுக்கு எம்மகனப் பிடிக்காது."

பொற்கொடி கட்டிலுக்கு அந்தப் பக்கம் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கையில் தம்ளரோடு நின்றுவிட்டாள். "அத்தை" என்றாள். அப்புறம் போலீஸைப் பார்த்து, "அத்தை குறுக்க வந்தாங்க மேடம். வரலைன்னா அந்த அடி எனக்குத்தான். என்னயக் காப்பாத்தத்தான் வந்தாங்க" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார். நான் எதற்கு இவளைக் காப்பாற்ற வேண்டும்? பெற்ற மகனுக்கு எதிராக நான் குறுக்கே போய் நின்றேன் என்று ஊர் பேசவா? "நான் அடுப்ப அணைக்கப் போனேன். பால் இருந்துச்சு. எழுதிக்கோங்க" என்றேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஈரத் தரை, வழுக்கியது. சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

என்ன நோய் என்று கேட்கிறாயா? அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். மூளையைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறதாம். நம் எல்லோருக்கும் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு உறை, பாவாடைக்கு உள்துணி கொடுக்கிறோமே, அந்த மாதிரி. மூக்கின் கூரைதான் மண்டைக்குத் தரை. அந்த எலும்பு பூரான் நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டு, உள்துணியும் கிழிந்திருக்கிறது. அந்த வழியாகத்தான் அத்தனை நாளும் சொட்டியிருக்கிறது. சளியே இல்லை அது. தண்ணீர் இறங்கிய வழியிலேயே கிருமி ஏறியிருக்கிறது, அதனால்தான் காய்ச்சல். ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, குனிந்து அதில் பிடிக்கச் சொன்னார்கள். சொட்டுச் சொட்டாகப் பிடித்தேன். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். இன்னும் ஒரு பகல் தாமதித்திருந்தால் நினைவு திரும்பியிருக்காது என்று அந்த டாக்டர் பெண் சொன்னாள். பொற்கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், பயமுறுத்த.

முதலில் கிருமிக்கு ஊசி போட்டுக் காய்ச்சலை முழுதாக இறக்கினார்கள். அப்புறம்தான் ஒட்டுப் போட்டார்கள். தொடையிலிருந்து ஒரு மெல்லிய சவ்வை வெட்டி, மூக்கு வழியாகவே கொண்டு போய் ஓட்டையில் வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு கீறல் கிடையாது. நூலும் இல்லை, ஊசியும் இல்லை, பசை வைத்து ஒட்டுவதாம். நான் கேட்டேன், "ஒட்டுத் துணிய உள்பக்கம் வச்சீங்களா, வெளிப்பக்கமா?" அந்தப் பெண் சிரித்தாள். "உள்பக்கம்தாம்மா." அதுதான் சரி. உள்பக்கம் வைத்தால்தான் இழுப்புக்குத் தாங்கும். நல்ல வேலைக்காரி. ஆனால் எந்த ஒட்டும் பிடிக்கிற வரைக்கும் துணியை இழுக்கக்கூடாது. அதைத்தான் அவளும் சொன்னாள். குனியாதீங்க, தூக்காதீங்க, இடது மூக்கில் மறுபடி ஒரு சொட்டு வந்தாலும் உடனே வந்துருங்க என்று.

கதிர் வந்தான். ஒரு தடவை வந்தான். போலீஸ் கேஸ் இல்லை என்று தெரிந்த பிறகு வந்தான். அது அவன் குணம், கூச்சம். வாசலிலேயே நின்று, "நல்லாருக்கியாம்மா?" என்றான். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். என் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. மூக்கில் பஞ்சு அடைத்து, முகம் வீங்கி இருந்தேன், எப்படிப் பார்ப்பான்? கொஞ்ச நேரத்தில் போய்விட்டான். போகும்போது பொற்கொடியிடம் என்னவோ சொன்னான், மெதுவாக. எனக்குக் கேட்கவில்லை. அவள் தோடு ஆடியதைப் பார்த்தேன். அவளே நடுங்கினாளா, அவன் கையைப் பிடித்திருந்தானா, படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அப்புறம்தான் அவள் பேச ஆரம்பித்தாள். எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே.

"அத்தை, அன்னைக்கு அடுப்புல பாலே இல்ல."

"என்னடி சொல்ற?"

"காலையிலயே காய்ச்சி எறக்கியாச்சு. நான்தான எறக்குனேன். அடுப்பே எரியல அத்தை."

அவளுக்கு என்ன தெரியும்? பயந்து போய் நின்றவளுக்கு அடுப்பில் இருந்தது தெரியுமா? பால் இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விளிம்பு வரை வந்துவிட்டது. நான் போகாவிட்டால் பொங்கியிருக்கும். சொன்னேன். அவள் பின்னலை முடித்து முடிச்சுப் போட்டாள். இறுக்கிப் போடத் தெரியாது அவளுக்கு, எப்போதும் தளர்வாகத்தான் போடுவாள். அன்றைக்கு வலிக்கக்கூடாது என்று இன்னும் தளர்த்திப் போட்டாள்.

அப்புறம் சொன்னாள், "நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலை. நீங்களும் எங்கூட வந்துருங்க. அம்மா வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. ஒங்க மெஷினக் கொண்டாந்துருவோம். பிள்ளைக்கும் நீங்க இல்லாம தூக்கம் வராது."

கேட்டாயா? பெற்ற மகனை விட்டுவிட்டுச் சம்பந்தி வீட்டு மாடியில் போய் மெஷின் மிதிக்க வேண்டுமாம் நான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "காட்டிக்கொடுத்தவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றேன். ஆமாம், சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது நான்தான் வேப்பிலை வைத்துப் படுக்கவைத்தேன். அவள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக்கூட அனுப்பாமல் நானே பார்த்தேன். அவளும்தான், என் கைக்குட்டையை ஒரு நாள் முகம் சுளிக்காமல் துவைத்தவள். பெற்ற பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அதனால்தான் சொல்கிறேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்காது. ராஜாத்தி சொல்லியிருந்தால் தெருச்சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

இன்று காலையில் போனாள். மாத்திரையெல்லாம் பிரித்து வைத்து, பையைக் கட்டி, கதிருக்குப் போன் போட்டு அவன் வருகிறான் என்று உறுதி செய்துகொண்டு போனாள். வருகிறேன் என்றுதான் அவனும் சொன்னான். போகும்போது குனிந்து இதைக் குத்திவிட்டுப் போனாள். இதோ, முந்தானையில். கைக்குட்டை. கையில் வைத்திருந்தால் கீழே விழுமாம், விழுந்தால் நான் குனிவேனாம், அதற்காக ஊக்குப் போட்டு. கழற்ற வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். இருக்கட்டும், வீட்டுக்குப் போய்க் கழற்றிக்கொள்ளலாம்.

இது எந்த ஊர், கிருஷ்ணன்கோவிலா? அதற்குள்ளா. இரு, போன் அடிக்கிறது. கதிர்தான்.

சொல்லுய்யா. வந்துட்டேன், பக்கத்துல வந்துட்டேன். நல்லாருக்கேன். பஞ்சு மார்க்கெட்ல எறங்கிக்கிறேன்... சரி. சரிய்யா, நீ வராத, நான் ஆட்டோ பிடிச்சு வந்துக்கிறேன். சாப்டியா? வீட்ல ஒண்ணும் இல்லையா? மாவு இல்லையா? வர்ற வழியில வாங்கிட்டு வர்றேன். சட்னி அரைச்சுத் தர்றேன், ரெண்டு நிமிசம்... இல்ல, கனமெல்லாம் இல்ல. சின்னப் பைதான். கோபப்படாத. நான் எதுவும் சொல்லல. யார்ட்டயும் சொல்லல. வச்சிரட்டா?

பாவம், காலையிலிருந்து பட்டினி. ஆண்பிள்ளை, அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாது. அதனால்தான் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது, உனக்குக் கேட்டிருக்கும். தப்பாக நினைக்காதே. இனி வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். சண்டை போட ஆளே இல்லை. அமைதியாக இருக்கும்.

உன் மூக்கு நின்றுவிட்டதே, பார்த்தாயா? நான் சொன்னேன். அந்தக் கைக்குட்டையை நீயே வைத்துக்கொள். கட்டிலிருந்து இன்னும் ரெண்டு எடுத்துக்கொள், வெட்கப்படாதே. எனக்கு ஒன்று இருந்தால் போதும். துவைக்கும்போது வெந்நீர் ஊற்று. துவைப்பதற்கு முன்னால், காய்ந்திருக்கும்போது தொட்டுப் பார். விறைப்பாக இருந்தால் நல்லது.

வந்துவிட்டது. பஞ்சு மார்க்கெட்தான். வண்டி நிற்கட்டும், ஏன் இத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள்.

வேண்டாம் அம்மா, நீ எழுந்திருக்காதே, இடம் போய்விடும். தென்காசி வரை நின்றுகொண்டா போவாய்? கண்டக்டரையும் கூப்பிடாதே, அவர் முன்பக்கம் நிற்கிறார், வண்டியை எடுத்துவிடுவார். பை எங்கே போய்விடப் போகிறது. இங்கேதானே இருக்கிறது, காலுக்கு அடியில். காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள். குனிந்தால் கைக்கு எட்டும்.